பக்கவாதத்துக்குப் பிறகு பிபி ஏன் ஏறி இறங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு வருகிற பக்கவாதத்துக்கு மட்டும் எழுதப்பட்டது இது. குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசியும் வகைக்கு பிபி கணக்கே வேறு. இங்கே உள்ள அளவுகளை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். ஒரே 180 என்ற மேல் அளவு (இங்கே தனியாக வரும் பிபி எண்கள் எல்லாம் மேல் அளவுதான்), பக்கவாதம் வந்த முதல் நாளில் பொறுத்துக்கொள்ளக்கூடியது; மூன்றாம் மாதத்தில் மாத்திரையை மாற்ற வேண்டியது. கேள்விகளில் பாதி இந்த வித்தியாசம் தெரியாமல் எழுபவைதான்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அப்பாவுக்கு பிபி 200 இருந்தது. ஏன் உடனே இறக்கவில்லை?

வேண்டுமென்றேதான் இறக்காமல் விடுகிறார்கள். குழாய் அடைபட்டதும் அதன் மையத்தில் உள்ள மூளைத் திசு சில நிமிடங்களிலேயே செத்துவிடும். ஆனால் அதைச் சுற்றி, வேலை செய்யாமல், அதே சமயம் சாகாமலும் ஒரு பகுதி இருக்கும். பக்கத்துச் சிறு குழாய்கள் வழியாகக் கசிந்து வரும் கொஞ்ச ரத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. சாதாரணமாக பிபி ஏறினாலும் இறங்கினாலும் மூளையின் குழாய்கள் தாமாகச் சுருங்கி விரிந்து ரத்த ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும். அடிபட்ட பகுதியில் அந்தத் திறன் போய்விடுகிறது. அங்கே பிபி எவ்வளவோ அவ்வளவுதான் ரத்தம். 200-ஐ 130-க்கு இறக்கினால், பிழைத்திருக்க வேண்டிய அந்தப் பகுதியும் செத்துப் போகலாம்.

அதனால் குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ, கட்டியை எடுக்கும் சிகிச்சையோ செய்யப்படாதவர்களுக்கு முதல் ஓரிரு நாள் 220/120 வரை பெரும்பாலும் கை வைப்பதில்லை. அதைத் தாண்டினாலும் முதல் 24 மணி நேரத்தில் சுமார் 15 சதவீதம் மட்டும் இறக்குவார்கள். அதாவது 230 இருந்தால் 195 அளவுக்கு, 140-க்கு அல்ல. கூடவே மாரடைப்பு, நுரையீரலில் நீர் கோக்கும் இதயச் செயலிழப்பு, மகாதமனி என்ற உடம்பின் மிகப் பெரிய ரத்தக்குழாயில் கிழிசல் போன்றவை இருந்தால் இந்தப் பொறுமை செல்லாது.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மட்டும் 185-க்குக் கீழே இறக்கினார்களே?

அவருக்குக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருப்பார்கள். அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடும் இந்த மருந்து, பலவீனமான குழாய்களில் ரத்தக்கசிவையும் உண்டாக்கக்கூடியது. பிபி கூடக் கூட அந்த ஆபத்தும் கூடும். அதனால் ஊசிக்கு முன் 185/110-க்குக் கீழும், போட்ட பிறகு 24 மணி நேரம் 180/105-க்குக் கீழும் வைத்திருக்க வேண்டும்.

அந்த ஊசி மருந்து ஆல்டிபிளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மி.கி., அதிகபட்சம் 90 மி.கி. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 54 மி.கி. அதில் பத்தில் ஒரு பங்கான 5.4 மி.கி. முதலில் ஒரே தடவையாக நரம்பில் ஏறும், மீதி 48.6 மி.கி. ஒரு மணி நேரத்தில் மெதுவாக ஏறும். பிபி முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒரு முறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு முறை, பிறகு 16 மணி நேரம் மணிக்கு ஒரு முறை பார்க்கப்படும். “தூங்க விடாமல் பட்டையைக் கட்டுகிறார்கள்” என்று உறவினர்கள் கோபப்படுவது இந்தக் கட்டத்தில்தான். நடுவில் கடுமையான தலைவலி, வாந்தி, திடீரென்று பிபி ஏற்றம், மயக்கம் வந்தால் மருந்து ஏறுவதை உடனே நிறுத்தி சிடி ஸ்கேன் எடுப்பார்கள். அதைக் கண்டால் நர்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

கட்டியையே எடுத்துவிட்டார்கள், குழாய் திறந்துவிட்டது. இனி 120-க்குக் கொண்டுவரலாம்தானே?

டாக்டர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். சோதித்துப் பார்த்தபோது நடந்தது வேறு. சீனாவில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், கட்டி எடுத்த பிறகு மேல் அளவை 120-க்குக் கீழே இறக்கியவர்கள், 140 முதல் 180 வரை விடப்பட்டவர்களைவிட மோசமாகத் தேறினார்கள். ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. கொரியாவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் இலக்கு 140-க்குக் கீழ். அதிலும் கெடுதலே தெரிந்தது. பெரிய குழாய் திறந்தாலும் அதற்கு அப்பால் உள்ள நுண்குழாய்கள் எல்லாம் உடனே திறந்துவிடுவதில்லை என்பது ஒரு விளக்கம். முதல் நாளில் 180/105-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். அதே சமயம் வலிந்து இறக்கவும் மாட்டார்கள்.

மருந்தே கொடுக்காமல் பிபி தானாக எப்படி இறங்கும்?

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்களுக்கு முதல் நாளில் பிபி ஏறித்தான் இருக்கும், இதற்கு முன் பிபி இல்லாதவர்களுக்கும்கூட. பதற்ற ஹார்மோன்கள், வலி, பயம், மூளைக்குள்ளேயே நடக்கும் மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து ஏற்றுகின்றன. நிரம்பிய சிறுநீர்ப்பை ஒன்றே பிபியை நன்றாக ஏற்றிவிடும். பேச முடியாத நோயாளியால் “வருகிறது” என்று சொல்ல முடியாது என்பதை மறந்துவிடுகிறோம். இந்த ஏற்றம் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாக வடியும்.

நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து சீனாவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு (2014) முதல் சில நாட்களில் மருந்து கொடுத்து இறக்கியவர்களையும், பழைய மாத்திரைகளையும் நிறுத்தி வைத்தவர்களையும் ஒப்பிட்டது. மரணத்திலோ ஊனத்திலோ வித்தியாசம் இல்லை. ஆகவே முதல் நாள் மாத்திரை நிறுத்தப்பட்டிருந்தால் அது அலட்சியம் அல்ல. நிலைமை நிதானமான பிறகு தொடங்குவார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டில் பிபி மாத்திரை ஒன்றுமே இல்லையென்றால், “நிறுத்தியது நிறுத்தியதாகவே இருக்கிறதா, எப்போது தொடங்க வேண்டும்?” என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள். ஆஸ்பத்திரியில் நிறுத்தியது வீட்டில் மாதக்கணக்கில் தொடராமலேயே போவது அடிக்கடி நடக்கிறது.

வீட்டில் கை கால் வராமல் விழுந்தவுடன் பிபி பார்த்தோம், 210. நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கலாமா?

வேண்டாம். நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் கிள்ளி நாக்குக்கு அடியில் விடும் பழக்கம் ஒரு தலைமுறைக்கு முன் பரவலாக இருந்தது. அது பிபியை எவ்வளவு இறக்கும், எவ்வளவு வேகத்தில் இறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடைப்பா, கசிவா என்பதும் ஸ்கேன் எடுக்காமல் தெரியாது. ஆம்புலன்ஸிலேயே பிபியை இறக்கிப் பார்த்த 2024 ஆய்வு ஒன்றில் கசிவு வந்தவர்களுக்கு நன்மை, அடைப்பு வந்தவர்களுக்குத் தீமை. வீட்டில் இருந்துகொண்டு இந்தச் சீட்டாட்டம் ஆடக் கூடாது.

ஆஸ்பிரின் உட்பட வாய்வழியாக எதுவும், தண்ணீர்கூட, கொடுக்காதீர்கள். விழுங்கும் தசை செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போகும். நோயாளி கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள். தூக்கத்தில் வந்திருந்தால், தூங்கப் போன நேரம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், ஊசி போடலாமா கூடாதா என்பதையே அது மாற்றும்.

வீடு திரும்பிய பிறகு எவ்வளவு இருக்க வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்கு 130/80-க்குக் கீழ். இதில் பிடிவாதம் தேவை. பெரிண்டோபிரில் என்ற பிபி மாத்திரையோடு, தேவைப்பட்டவர்களுக்கு இன்டாபமைடு என்ற நீர் மாத்திரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த 2001 ஆய்வில், மறுபடியும் பக்கவாதம் வருவது கால் பங்குக்கும் மேல் குறைந்தது. பிபி “நார்மலாக” இருந்தவர்களுக்கும் பலன் இருந்தது.

அவசரம் மட்டும் கூடாது. மூளைக்குள் உள்ள குழாயிலோ கழுத்துக் குழாயிலோ பெரிய சுருக்கம் இருப்பவர்களுக்கு, வயதானவர்களுக்கு, நின்றால் பிபி சரிகிறவர்களுக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், படிப்படியாக இறக்குவார்கள். கழுத்துக் குழாயைச் சுத்தம் செய்தோ ஸ்டென்ட் வைத்தோ வந்தவர்களுக்கு நேர்மாறான கவலை. நெடுநாள் குறைந்த ரத்தம் பெற்ற மூளைக்குள் திடீரென்று ரத்தம் பாய்வதால், அறுவைக்குப் பிந்தைய நாட்களில் பிபி ஏற்றத்தோடு ஒரு பக்கத் தலைவலியோ வலிப்போ வந்தால் உடனே ஆஸ்பத்திரி.

காலையில் 160, மதியம் 110. எந்த எண்ணை நம்புவது?

எதையும் தனியாக நம்ப வேண்டாம். ஒரு நோட்டில் நான்கு நாள் இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

திங்கள்: காலை 6.30 – 158/90, காலை 11 – 112/68 “தலை சுற்றல்”, இரவு 9 – 138/82
செவ்வாய்: காலை 6.30 – 162/92, காலை 11 – 110/66, இரவு 9 – 140/80
புதன்: காலை 6.30 – 156/88, காலை 11 – 114/70, இரவு 9 – 134/80
வியாழன்: காலை 6.30 – 176/98 “ராத்திரி தூக்கமில்லை”, காலை 11 – 118/70, இரவு 9 – 142/84

சராசரியாகப் பார்த்தால் மேல் அளவு 138 வரும், பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் தினமும் ஒரே மாதிரி ஏறி, ஒரே நேரத்தில் இறங்குகிறது. இவர் மூன்று பிபி மாத்திரையையும் காலை 8 மணிக்கு ஒன்றாகப் போட்டுக்கொள்கிறார் என்றால் 11 மணிச் சரிவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மறுநாள் விடிவதற்குள் அவற்றில் ஏதோ ஒன்று தீர்ந்துவிடுகிறது. இதைப் பார்க்கும் டாக்டர் குறைந்த நேரம் வேலை செய்யும் மருந்தை நீடித்து வேலை செய்யும் மருந்தாக மாற்றலாம், அல்லது ஒன்றை இரவுக்குத் தள்ளலாம். 11 மணி எண்ணை மட்டும் பார்த்து வீட்டிலேயே ஒரு மாத்திரையை நிறுத்தியிருந்தால் காலை 160 என்பது 180 ஆகியிருக்கும்.

காலையா இரவா என்பதில் வாட்ஸ்அப்பில் பெரிய சண்டையே உண்டு. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த 2022 பிரிட்டிஷ் ஆய்வில், மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இரண்டு நேரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காத நேரமே நல்ல நேரம்.

இப்படி ஏறி இறங்குவதே மூளையைக் கெடுக்குமா?

சராசரி ஒன்றாகவே இருந்தாலும், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் பிபி அதிகமாக மாறுகிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து கூடுதல் என்று ஆக்ஸ்போர்டின் பீட்டர் ராத்வெல் குழு 2010-இல் காட்டியது. முதல் நாட்களில் ஏற்ற இறக்கம் அதிகமானவர்கள் மெதுவாகத் தேறுவதும் பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் அது காரணமா, அல்லது ஏற்கெனவே குழாய்கள் விறைத்துப் போனதன் அடையாளமா என்பது இன்னும் முடிவாகாத விவாதம். மருந்துகளில் அம்லோடிபின் வகை இந்த ஆட்டத்தைக் குறைக்கிறது, அடினோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் அவ்வளவாகக் குறைப்பதில்லை. இதயத்துக்காகப் பீட்டா தடுப்பான் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் பிபியும் நாடித்துடிப்பும் எகிறும். குளோனிடின் என்ற பிபி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் மோசம்.

படுத்திருக்கும்போது 150, எழுந்தால் கண் இருட்டுகிறது. என்ன செய்வது?

முதலில் அளந்து உறுதி செய்யுங்கள். 5 நிமிடம் படுக்க வைத்து ஒரு அளவு. எழுந்து நிற்க வைத்து 1-வது நிமிடத்தில் ஒன்று, 3-வது நிமிடத்தில் ஒன்று. பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நிற்க முடியாதவரை உட்கார வைத்துப் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது எழும்போது வரும் பிபி சரிவு. பக்கவாதம் வந்தவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறிவில் முடியலாம். அதனால் இதைச் சாதாரணமாக விடக் கூடாது.

காரணங்களில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் குறைவாகக் குடிப்பார்கள். இன்னொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: ஒவ்வொரு முறை பாத்ரூம் போகவும் மகனையோ மருமகளையோ கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று பலர் வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். கட்டில் பக்கத்தில் யூரின் கேனோ கமோடு நாற்காலியோ வைத்தால் பிபி சீராவதும் உண்டு. அடுத்து மாத்திரைகள்: நீர் பிரிக்கும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின். நெடுநாள் சர்க்கரை நோயும் நரம்பைக் கெடுத்து இதைக் கொண்டுவரும்.

எழும்போது கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் இருபது முறை ஆட்டி, பிறகு எழுந்தால் சரிவு குறையும். வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட அடுத்த இரண்டு மணி நேரத்திலும் பிபி இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகச் சாப்பிடுவது நல்லது. வெந்நீர்க் குளியலும் சாப்பாடும் அடுத்தடுத்து வேண்டாம்.

எந்தக் கையில் அளப்பது? ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறதே.

நன்றாக உள்ள கையில். வாதம் வந்த கை இறுகியிருந்தாலோ, தொளதொளவென்று இருந்தாலோ, வீங்கியிருந்தாலோ அளவு தவறும். ஆரம்பத்தில் ஒரு முறை இரண்டு கையிலும் பாருங்கள். வித்தியாசம் 15-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரும்பாலும் தவறுவது பட்டையில்தான். கையின் சுற்றளவு 22 முதல் 32 செ.மீ. என்றால் சாதாரணப் பட்டை, அதற்கு மேல் 42 வரை பெரிய பட்டை. பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிபியைக் காட்டும். முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிந்து, 5 நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டை இதயத்தின் உயரத்தில். கை 10 செ.மீ. தாழ்ந்து தொங்கினாலே அளவு சுமார் 8 கூடிவிடும். காபி, புகை, குளியலுக்குப் பிறகு அரை மணி நேரம் விடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டுப் பாருங்கள். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில், இரவிலும் அப்படியே. ஏழு நாள் எழுதி முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுக்க வேண்டும். மணிக்கு மணி அளப்பது பயத்தைக் கூட்டும், பயம் பிபியைக் கூட்டும்.

மிஷினில் ஒழுங்கற்ற துடிப்புக்கான குறி அடிக்கடி வந்தால் மூன்று முறை அளந்து சராசரி எழுதுங்கள், இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு பக்கவாதத்துக்கே காரணமாக இருந்திருக்கலாம். அப்படியானால் கொடுக்க வேண்டிய மருந்தே மாறும்.

ஒரு நாள் மாத்திரை மறந்துவிட்டது. மறுநாள் இரண்டாகப் போடலாமா?

கூடாது. அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒரு வேளை தவறியதால் பெரிய சரிவோ ஏற்றமோ வராது. அதே காரணத்தால் டோஸை மாற்றினால் முழுப் பலன் தெரிய ஒரு வாரம் ஆகும். இன்று 150 என்று ஒன்று கூட்டி, நாளை 120 என்று ஒன்று குறைத்தால் பிபியை நாமே ஆட்டி வைக்கிறோம். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.

மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஏறுகிறதே?

மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் முதல் சந்தேகம். இவை பிபியை ஏற்றும். டெல்மிசார்டன் வகை பிபி மாத்திரையோடும் நீர் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தையும் அடிக்கும். மூக்கடைப்பு மாத்திரைகளும் ஏற்றும். இருமலுக்கு தினம் சப்பும் அதிமதுரம் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து பிபியை ஏற்றும். கை மருந்துதானே என்று நினைப்பதால் யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை.

சத்தமான குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று சோதிக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது இருக்கிறது.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. குழம்பில் குறைத்துவிட்டு அப்பளம், ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய் என்று தட்டோரத்தில் திரும்ப வைத்தால் கணக்கு அங்கேயே போய்விடும். முக்கால் பங்கு சாதா உப்பும் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த மாற்று உப்பு, சீனக் கிராமங்களில் நடந்த 2021 ஆய்வில் பக்கவாதத்தை 14 சதவீதம் குறைத்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களும் பொட்டாசியம் சோதிக்காமல் அதைத் தொடக் கூடாது.

பிசியோதெரபி எப்போது தொடங்கலாம்?

சீக்கிரம், ஆனால் முதல் நாளே ஓட விடுவதல்ல. 2015-இல் வெளியான, 2,104 பேர் கலந்துகொண்ட ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடியும் அதிகமாகவும் எழுப்பி நடக்க வைத்தவர்கள் மூன்று மாத முடிவில் குறைவாகவே தேறினார்கள். குறுகிய நேரம், பல முறை என்பதே பாதுகாப்பு. வீட்டில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பிபி பாருங்கள். ஓய்விலேயே 180/110-க்கு மேல் இருந்தால் அன்று கனமான பயிற்சி வேண்டாம், படுக்கையில் மூட்டுகளை மடக்கி நீட்டினால் போதும். பயிற்சியில் மேல் அளவு ஏறுவது இயல்பு, இறங்கினால் நிறுத்த வேண்டும். கனத்தைத் தூக்கும்போது மூச்சைப் பிடிக்காமல் எண்ணிக்கொண்டே தூக்கச் சொல்லுங்கள். மலச்சிக்கலில் முக்குவதும் அதே ஏற்றத்தைத் தரும். தேறுதலில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் நடக்கும், அதற்குப் பிறகும் நிற்பதில்லை.

பிபி 190 காட்டினால் ஓட வேண்டுமா?

வேறு எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் பத்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து மறுபடி பாருங்கள். வலி, சிறுநீர், தவறிய மாத்திரை எது என்று தேடுங்கள். அப்போதும் 180/120-க்கு மேல் நின்றால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வாய் கோணல், புதிதாகக் கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், இதுவரை வராத தலைவலி, வலிப்பு, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று இருந்தாலும் எண்ணைப் பார்க்க வேண்டாம். பிபி 120 என்று காட்டினாலும் ஆம்புலன்ஸ்தான். மேல் அளவு 100-க்குக் கீழே இறங்கி, பழைய தளர்ச்சி கூடினாலும் அப்படியே: படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, கூப்பிடுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் என்ன கொண்டு போக வேண்டும்?

ஏழு நாள் நோட்டு, படுத்தும் நின்றும் அளந்த ஒரு ஜோடி அளவு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள் (கை மருந்து, வலி மாத்திரை உட்பட), கடைசியாகப் பார்த்த சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் சீட்டு. வீட்டு பிபி மிஷினையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே உள்ள மிஷினோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்.